சோப்யோன்ஜே: தந்தையின் வேட்கையும் மகளின் கலையும்

பெற்றோர் தம் மக்கள்மேல் வைக்கும் எதிர்பார்ப்பும், மக்கள் தம் உள்ளத்தே வளர்க்கும் விருப்பமும் முரணுவதைப் பொருளாகக் கொண்ட கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. மகனோ மகளோ இசையையோ கூத்தையோ நாடுவர். தந்தை அதனை மறுத்துச் சோறு தரும் தொழிலொன்றைச் சுட்டுவார். ஈற்றில் அவர் மனம் இளகும். அரங்கிலே பிள்ளைக்குக் கிடைக்கும் கைதட்டலின் நடுவே அவர் கண்ணீர் உகுப்பார். காண்போரை எளிதில் நெகிழ்விக்கும் இவ்வாய்பாடு எளிதில் மறக்கப்படுவதும் ஆகும்.

கொரிய நாட்டு நெறியாளர் இம் குவோன்-தேக் 1993ஆம் ஆண்டில் அளித்த ‘சோப்யோன்ஜே’ என்னும் திரைப்படம் இவ்வாய்பாட்டைத் தலைகீழாக்கியது. இதிலே கலையை வேண்டுபவர் தந்தை. சோற்றை வேண்டுபவன் மகன். இருவருக்கும் இடையே தந்தையின் வேட்கையைத் தன் உடலாலே தாங்கி நிற்பவள் மகள். அவள் குரல் முழுமை பெறவேண்டும் என்பதற்காகத் தந்தை அவள் கண்களைக் குருடாக்குகின்றார். இக்கொடுமையை மையமாகக் கொண்ட படம், கலைக்காக எதனையும் பலியிடலாம் என்று கூறுகின்றதா, அன்றி அவ்வாறு கூறுவோரைத் தீர்ப்புக்கு உள்ளாக்குகின்றதா என்பதே திறனாய்வாளர் விடை காணவேண்டிய வினாவாகும். படத்தை மேலோட்டமாகக் கண்டோர் முன்னையதே அதன் கருத்தென எண்ணுவர். படத்தின் அமைப்பையும், அதன் இறுதிப் பகுதியையும் ஊன்றி நோக்குவார்க்கு உண்மை வேறாதல் புலப்படும்.

படத்தின் மூலம் யி சொங்-ஜுன் என்னும் எழுத்தாளர் 1976இல் வெளியிட்ட சிறுகதையாகும். திரைக்கதையை அமைத்தவர் தந்தையாக நடித்த கிம் மியோங்-கொன். இவர் பான்சோரி என்னும் மரபுப் பாடற்கலையைத் தாமே பயின்றவர். மகளாக நடித்த ஓ ஜொங்-ஹேயும் அக்கலையில் முறையான பயிற்சி பெற்றவரே. ஆதலின் படத்தில் ஒலிக்கும் பாடல், நடிப்புக்காக ஒட்டவைத்த அணியாக நில்லாது, கதைமாந்தரின் மூச்சாகவே அமைந்துவிடுகின்றது. 1962இல் தம் முதற் படத்தை எடுத்த இம் குவோன்-தேக், இப்படத்துக்கு முன்னரே பல பத்துப் படங்களை ஆக்கி முதிர்ந்தவர். பழம்பாடகர் குடும்பமொன்றின் துயரத்தைக் கூறும் இப்படத்தைக் காண எவர் வருவர் என்ற ஐயத்தைப் பொய்ப்பித்து, சியோல் நகரில் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டனர். கொரியப் படமொன்று அந்நகரில் அவ்வெல்லையைக் கடந்தது அதுவே முதன்முறை. அதே 1993இல் நடைபெற்ற முதலாவது ஷாங்காய்ச் சர்வதேசத் திரைப்பட விழாவிலே சிறந்த நெறியாளர், சிறந்த நடிகை என்னும் இரு பரிசுகளும் இதற்குக் கிட்டின.

படத்தின் பெயர்ப்பொருளை அறிதற்குப் பான்சோரியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பாடுபவர் ஒருவர்; முழவு கொட்டுபவர் ஒருவர். இவ்விருவரே அரங்கின் முழு உடைமை. பாடுபவர் கையில் ஒரு விசிறியுடன் நின்று, பாட்டும் உரையும் மெய்ப்பாடும் விரவ ஒரு நெடுங்கதையைத் தாம் ஒருவராகவே நிகழ்த்துவார். முழவு கொட்டுபவர் தாளம் காப்பதோடு அமையாது, உரிய இடங்களிலே வியப்பொலியும் ஊக்கமொழியும் கூறிப் பாடுபவரைத் தூண்டுவார். ‘பலே’, ‘சபாஷ்’ எனத் தமிழ்ச் சபையார் கூறுவதனை ஒத்தது அது. முழுக்கதையொன்றைப் பாடி முடிக்க எட்டு மணி நேரம் வரையுஞ் செல்லும். முன்பு பன்னிரண்டாக இருந்த கதைகளுள் ஐந்தே இன்று எஞ்சியுள்ளன. நாட்டின் தென்மேற்கிலுள்ள ஜொல்லா நிலப்பகுதியில் தழைத்த இக்கலை, அங்கு ஓடும் சொம்ஜின் ஆற்றை எல்லையாகக் கொண்டு இரு மரபுகளாகப் பிரிந்தது. ஆற்றின் கிழக்கே வழங்கியது தோங்ப்யோன்ஜே. அது திண்மையும் மிடுக்கும் உடையது. மேற்கே வழங்கியது சோப்யோன்ஜே. அது குழைவும் நுண்ணிய அணிகளும் துயரச் சாயலும் உடையது. இம்மேலை மரபின் பெயரே படத்தின் பெயராயிற்று.

இக்கலைஞர் பழைய கொரியச் சமுதாயத்திலே இழிந்தோராக எண்ணப்பட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செல்வரும் உயர்குடியினரும் அவர்களை ஆதரித்தனர். 1910 முதல் 1945 வரை நீடித்த யப்பானிய ஆட்சியும், 1950இல் மூண்டு 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரும் அவ்வாதரவின் வேரை அறுத்தன. போரின் பின் மேனாட்டு இசை நகரங்களை நிறைத்து நாட்டுப்புறத்தையும் எட்டியது. 1964இல் அரசு பான்சோரியைப் பேணத்தக்க பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது; 2003இல் யுனெஸ்கோவும் அதன் சிறப்பை உலகறியச் சாற்றியது. இப்படத்தின் கதையோ அவ்வறிவிப்புக்களுக்கு முற்பட்ட இருண்ட காலத்தைச் சார்ந்தது. கலை வீழ்ந்துகொண்டிருக்கும்போது கலைஞன் எவ்வாறு வாழ்வான், தன் பிள்ளைகளை எவ்வாறு வளர்ப்பான் என்பதே கதையின் களம்.

1960களின் தொடக்கத்திலே, தொங்-ஹோ என்பான் மலைப்பாதை அருகிலுள்ள ஒரு விடுதிக்கு வருகின்றான். தன் தமக்கையைத் தேடும் அவன், அவ்விடுதிப் பெண் பாடக் கேட்டுத் தன் இளமையை நினைவுகூர்கின்றான். கைம்பெண்ணாகிய அவன் தாய், ஊருக்குப் பாடவந்த யூ-போங் என்னும் பாடகரை விரும்பி அவருடன் சென்றவள், மகப்பேற்றின்போது இறந்தவள். யூ-போங்கிடம் முன்னரே சொங்-ஹ்வா என்னும் அநாதைச் சிறுமி வளர்ந்துவந்தாள். அவ்வாறு, குருதித் தொடர்பு எதுவுமில்லாத மூவர் ஒரு குடும்பமாயினர். சிறுமிக்குப் பாட்டும் சிறுவனுக்கு முழவும் கற்பித்து, இருவரையும் அழைத்துக்கொண்டு யூ-போங் ஊரூராகத் திரிந்தார். பசி தாங்காத தொங்-ஹோ வளர்ந்ததும் ஓடிவிட்டான். அதன்பின் நிகழ்ந்தவற்றை அவன் பிறர்வாய்க் கேட்டு அறிகின்றான். ஆதலின் கதை நேர்க்கோட்டிற் செல்லாது, தேடலும் நினைவுமாக மாறிமாறி வருகின்றது. தந்தையின் செயலை அப்பொழுதே காட்டாது, விட்டுப்போன மகனின் குற்றவுணர்வினூடாகக் காட்டுவது நெறியாளரின் முதல் நுட்பமாகும். தான் போகாதிருந்தால் தமக்கையின் கண் போயிராது என்ற எண்ணம் அவனுடைய ஒவ்வோர் அடியிலும் ஒலிக்கின்றது.

யூ-போங்கின் பாத்திரப் படைப்பு தனியே ஆராயத்தக்கது. அவர் திறமையற்றவர் அல்லர். திறமை இருந்தும் இடம் பெறாதவர். தம் ஆசிரியரால் துரத்தப்பட்டவர். உடன்பயின்றோர் தலைநகரிலே புகழ்பெற்று வாழ, அவர் சந்தைகளில் மருந்து விற்போருக்குக் கூட்டஞ் சேர்க்கப் பாடுகின்றார். தம் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பணிவும் அவரிடத்தில்லை. அதனைத் தாமே வெல்லும் வாய்ப்பும் அவருக்கில்லை. எனவே தாம் எய்தாத இடத்தை மகளின் குரல் எய்தவேண்டும் என்று துடிக்கின்றார். பெற்றோரின் எதிர்பார்ப்பு என்பதன் கசப்பான வடிவம் இது. தம் பிள்ளை நலமுற வேண்டுமென்ற அன்பும், தம் வாழ்வு வீணாகவில்லை என்று நிறுவவேண்டுமென்ற தன்னலமும் ஒரே சொல்லில், ஒரே செயலில் கலந்து நிற்கும். எது அன்பு, எது தன்னலம் எனப் பிரித்தறிதல் செய்பவருக்கே இயலாது. கிம் மியோங்-கொன் இக்கலப்பைக் குறைவற நடித்துள்ளார். அடிக்கும் கை அவருடையது; மகளுக்கு ஊட்டுதற்காகக் கோழி திருடி, பிடிபட்டு அடிவாங்கும் உடலும் அவருடையதே.

இரு பிள்ளைகளும் தந்தைக்கு அளிக்கும் விடை இருவகைப்படுகின்றது. தொங்-ஹோவின் விடை மறுப்பு. பாட்டு அரிசி தருமா என்று அவன் கேட்கின்றான். குரல் சித்தித்தால் அது பொன்னினும் பதவியினும் மேலான இன்பம் என்பது தந்தையின் கருத்து. இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. நெறியாளர் மகனை இழிந்தவனாகக் காட்டவில்லை. சந்தையிலே மூவரும் பாடிக்கொண்டிருக்கும்போது மேனாட்டு வாத்தியக் குழுவொன்று முழங்கிக்கொண்டு வருகின்றது. கூட்டம் முழுவதும் அப்பக்கம் திரும்புகின்றது. முழவின் ஒலியும் பாட்டும் அவ்வோசையில் அமிழ்கின்றன. இக்காட்சியைக் கண்டபின், ஓடிப்போகும் மகனைக் குறைகூறல் எவர்க்கும் அரிது. அவன் விட்டோடியது கலையை மாத்திரம் அன்று, பசியையும் அவமதிப்பையுமாகும். சொங்-ஹ்வாவின் விடை ஏற்பு. பாட்டு அவளுக்கு இனிக்கின்றது. அவள் தந்தைக்காக மட்டும் பாடுபவள் அல்லள். இக்குறிப்பு மிக முக்கியமானது. அவளிடத்துக் கலை ஆர்வம் இயல்பாகவே இருந்தது என்பதனைப் படம் முன்னரே நிறுவிவிடுகின்றது.

அதனை நிறுவும் காட்சியே உலகத் திரைப்பட வரலாற்றில் இடம்பெற்ற காட்சியுமாகும். கற்சுவர்களுக்கிடையே வளைந்து இறங்கும் ஒரு வயற்பாதை. தொலைவிலே மூன்று புள்ளிகளாக மூவரும் தோன்றுகின்றனர். ‘ஜிந்தோ அரிராங்’ என்னும் நாட்டார் பாடலைத் தந்தையும் மகளும் மாறிமாறிப் பாடிக்கொண்டு வருகின்றனர். சோர்ந்து நடந்த மகனும் முழவை எடுத்துக் கொட்டத் தொடங்குகின்றான். நடை மெல்ல மெல்ல ஆட்டமாகின்றது. படப்பிடிப்புக் கருவி அசையாது நிற்க, அவர்களே அதனை அணுகி, முகம் தெரிய ஆடி, சட்டத்தைவிட்டு வெளியேறுகின்றனர். பின்னர் வெறும் பாதையே எஞ்சுகின்றது. சொங்சான் தீவிலே படமாக்கப்பட்ட இக்காட்சி ஐந்து நிமிடங்களுக்கு மேலாக வெட்டின்றி ஓடுகின்றது. படமாக்கிய ஜொங் இல்-சொங்கும் நெறியாளரும் இதிலே காட்டிய அடக்கம் வியத்தற்குரியது. அண்மைக் காட்சிகளாக வெட்டியிருப்பின் மூவரும் மூன்று நடிகராகியிருப்பர். வெட்டாமையால், சில நிமிடங்களுக்கேனும் அவர்கள் ஒரு குடும்பமாகின்றனர். அதனினும் மேலாக, இக்காட்சியில் நிகழும் பாட்டு எவருடைய கட்டாயத்தாலும் பிறந்ததன்று. மகிழ்ச்சியிலிருந்தும் கலை பிறக்கும் என்பதற்குப் படமே இங்குச் சான்றளிக்கின்றது. பின்னர்த் தந்தை கொள்ளும் கோட்பாட்டை அளந்தறிதற்கு இச்சான்றை மறவாமை வேண்டும்.

தொங்-ஹோ ஓடியபின் சொங்-ஹ்வா பாட மறுக்கின்றாள், உண்ணாது மெலிகின்றாள், தம்பியின் வரவை நோக்கி இருக்கின்றாள். அந்நிலையில் தந்தை அவளுக்கு மருந்து காய்ச்சிக் கொடுக்கின்றார். உடலைத் தேற்றுவதென நம்பி அவள் பருகும் மருந்திலே நாவியினத்தைச் சேர்ந்த நச்சுவேர் கலந்திருக்கின்றது; அவள் பார்வை போகின்றது. மூலக்கதையிலே தந்தை உறங்கும் மகளின் கண்ணில் அமிலத்தை இட்டதாகக் கூறப்படும். திரைப்படம் செய்த மாற்றம் கொடுமையைக் குறைத்ததுபோலத் தோன்றினும், உண்மையில் அதனை மிகுவித்தது. உறங்குபவள்மேற் செய்வது வன்முறை. நம்பி வாய்திறப்பவளுக்கு ஊட்டுவதோ நம்பிக்கைக் கொலை. நோய் தீர்க்கும் மருந்தே நோய் செய்யும் பொருளாயிற்று. பிற்காலத்தில் தொங்-ஹோ மருந்துச் சரக்குக் கொள்வனவு செய்பவனாக ஊரூராக அலைகின்றான் என்பதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

இச்செயலுக்குத் தந்தை கொண்ட நோக்கம் யாது? உள்ளத்திலே துயரம் ஆழப் பதியாத குரல் சிறவாது என்பது அவர் கோட்பாடு. ஆயின் அச்செயல் நிகழ்ந்த காலம் வேறொன்றையும் உணர்த்துகின்றது. மகன் போனான், மகளும் போய்விடக்கூடும். கண்ணற்றவள் தந்தையைவிட்டு எங்கும் போகாள். கலையின் பெயராற் செய்யப்பட்ட இச்செயலின் அடியிலே தனிமைக்கு அஞ்சிய முதியவரின் பிடி இருந்தது. இதனைப் படம் வாய்விட்டுக் கூறவில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையாற் கூறுகின்றது. பெற்றோர் பிள்ளையின் நன்மைக்கெனச் செய்யும் செயல்கள் சிலவற்றுக்கு இத்தகைய இரட்டை வேர் இருத்தல் கூடும் என்பது காண்போர் நெஞ்சைத் தைக்கும் உண்மையாகும்.

தந்தையின் கோட்பாட்டுக்கு அடிப்படை ‘ஹான்’ என்னும் கொரியச் சொல். அதனை ஒரு சொல்லால் மொழிபெயர்த்தல் அரிது. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இழிவு, இழப்பு, நிலையினின்று தாழ்தல், வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுத்தனர். சொங்-ஹ்வாவின் வாழ்வில் இந்நான்கும் உள. எனினும் ஹான் என்பது அழுகை மாத்திரம் அன்று. அழுகை வெளிப்பட்டு ஆறும். ஹான் வெளிப்படாது உள்ளே படிந்து இறுகும். தீர்க்க வழியற்ற துயரமும், கூறவியலாத மனக்குறையும், நிறைவேறா ஏக்கமும் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து உறைந்த வண்டல் அது. அதனுள் பழியுணர்வும் கலந்திருக்கலாம். பழியுணர்வு நீங்கி ஏக்கமாக மட்டும் எஞ்சியிருக்கவும் கூடும். இவ்விரண்டாவது நிலைக்கும் முதலாவதற்கும் உள்ள வேறுபாட்டிலேதான் படத்தின் பொருள் தங்கியுள்ளது.

குருடாகிய மகளைக் கைவிடப்பட்ட ஒரு மனைக்கு அழைத்துச்சென்று தந்தை பயிற்றுகின்றார். பனியும் குளிரும் பசியும் சூழ அவள் குரல் முதிர்கின்றது. இறக்குந்தறுவாயில் அவர் தம் குற்றத்தை அவளிடம் கூறுகின்றார். அவள் அதனை முன்னரே அறிந்திருந்தாள் என்பதும் அவருக்குத் தெரிகின்றது. எவ்வாறு தெரிந்தது? அவள் தம்மைப் பகைவராகக் கருதியிருப்பின் அவள் பாட்டிலே பகை ஒலித்திருக்கும். அப்பாட்டின் எவ்விடத்தும் அத்தடம் இல்லை என்பதே அவர் கண்ட சான்று. இனி உள்ளே உறைந்த துயரத்துள் புதையாது, அதனைக் கடந்து பாடுமாறும், அவ்வாறு கடந்த இடத்தில் கிழக்கு மரபென்றும் மேற்கு மரபென்றும் வேறுபாடில்லை எனவும் அவர் கூறி மறைகின்றார்.

இவ்விடத்தைப் பலர் தந்தையின் வெற்றியாகக் கொள்வர். ஆராயின் இதுவே அவருடைய கோட்பாட்டின் தோல்வியாகும். துன்புறுத்தியதால் குரல் சிறக்குமெனின், துன்புறுத்தியவன் மேலெழும் பகையே அக்குரலில் முதலில் ஒலித்திருக்கவேண்டும். அஃது ஒலிக்கவில்லை என்பதை அவர் செவியே உறுதிசெய்கின்றது. எனவே குரலைச் சிறப்பித்தது அவர் இட்ட நஞ்சு அன்று. அந்நஞ்சை மகள் தன்னுள்ளே மாற்றிய மாற்றம். கண்ணைப் பறித்தல் எவர்க்கும் இயலும். பறித்தவரை மன்னித்தல் கற்பிக்கப்படுவதன்று. தந்தை அதனைக் கற்பிக்கவில்லை; அவர் அதனை அறிந்தவரும் அல்லர். தம் ஆசிரியரையும் உடன்பயின்றோரையும் இறுதிவரை மன்னியாது கசந்தவர் அவர். அவர் குரல் முழுமை எய்தாமைக்கும் அக்கசப்பே காரணம் என்று கொள்ளுதற்குப் படம் இடந்தருகின்றது. ஆகவே தந்தை வேண்டிய கலை மகளிடத்திலே தோன்றியது உண்மை. அது தந்தையின் வழியாலே தோன்றியதன்று. படம் உணர்த்தும் மெய்ம்மை இதுவே.

இம்முடிவுக்குப் பாடற்கதைகளின் தெரிவும் துணைநிற்கின்றது. எஞ்சியுள்ள ஐந்து பான்சோரிக் கதைகளுள் ஒன்று சிம் சியோங் என்னும் பெண்ணின் கதை. குருடனாகிய தந்தை கண்பெறுதற்காக அவள் தன்னை விற்றுக் கடலிற் பாய்கின்றாள், உயிர்பிழைத்து அரசியாகின்றாள், நாட்டிலுள்ள குருடரையெல்லாம் விருந்துக்கு அழைக்க, அங்கு வந்த தந்தை மகளின் குரல்கேட்டு வியந்து கண் திறக்கின்றான். தந்தைக்குக் கண் தந்த மகளின் கதையை, தந்தையாற் கண்ணிழந்த மகள் பாடுகின்றாள். இம்முரணை எந்தப் பாத்திரமும் சுட்டிக்காட்டவில்லை. மரபு போற்றும் மக்கட்கடனை, அக்கடனை மறந்த தந்தையின் எதிரே வைத்து, காண்போர் தாமே ஒப்பிடுமாறு விட்டுவிடுகின்றார் நெறியாளர்.

இறுதியில் தொங்-ஹோ, தந்தையின் பழைய நண்பராகிய எழுத்தோவியர் ஒருவர் வாயிலாகத் தமக்கையின் இருப்பிடத்தை அறிகின்றான். எளிய விடுதியொன்றில் மனைவியை இழந்த ஒருவரோடு அவள் வாழ்ந்துவருகின்றாள். தன்னை இன்னானென்று கூறாது, ஒரு பாட்டுப் பாடவேண்டுமென்று கேட்டு, முழவைத் தான் எடுக்கின்றான். இரவு முழுதும் அவள் சிம் சியோங் கதையைப் பாட அவன் கொட்டுகின்றான். கொட்டும் முறையினால் அவள் அவனை அறிந்துகொள்கின்றாள். அவனும் அவள் அறிந்ததை அறிகின்றான். விடிந்ததும் இருவரும் யாதும் கூறாது பிரிகின்றனர். ஒருவர் துயரத்தை மற்றவர் சொல்லால் தொட்டுக் கலைக்க விரும்பவில்லை. தந்தையிடமிருந்து ஓடியவனும் தந்தையிடமே நின்றவளும் கலையிலே சமமாகச் சந்திக்கும் இடம் இது. எவரும் கட்டாயப்படுத்தாதபோது அவன் கை முழவைத் தேடியது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இக்காட்சியின் உச்சத்தில் நெறியாளர் செய்த செயல் துணிவானது. சொங்-ஹ்வாவின் வாய் பாடிக்கொண்டிருக்கின்றது, தொங்-ஹோவின் கண் நீர் சொரிகின்றது, பாட்டோ கேட்பதில்லை. கிம் சூ-சொல் அமைத்த பின்னணி இசை அவ்விடத்தை நிரப்புகின்றது. இதனைக் குறையெனக் கூறுவாரும் உளர். படம் முழுதும் காத்திருந்த குரலைக் கேளாமற் செய்தல் முறையோ என்பர். ஆயின் அக்குரலை முழுமையாகக் கேட்பித்திருந்தால், இத்தகைய பாட்டுக்குக் கண்ணின் விலை தகும் என்றோ தகாது என்றோ காண்போர் விலைபேசத் தொடங்கியிருப்பர். கேளாமையால் அவ்விலைபேசல் இயலாதாயிற்று. அப்பாட்டு உடன்பிறவாத அவ்விரு உடன்பிறப்புக்களுக்கே உரியதாய் நின்றது. தந்தையின் கணக்கும் அதனை எட்டவில்லை. காண்போரின் கணக்கும் எட்டவில்லை.

படத்திற் குறை இல்லாமல் இல்லை. சொங்-ஹ்வா தன் இழப்பைக் குறித்து என்ன எண்ணினாள் என்பது பெரும்பாலும் அவள் வாய்மொழியாக வருவதில்லை. மன்னித்தாள் என்பதை அவளைக் கெடுத்தவரே கூறுகின்றார். அவளது சினத்துக்கு ஒரு கணமேனும் இடமளித்திருந்தால், அவளது மன்னிப்பு இன்னும் பெருமதிப்புடையதாகியிருக்கும். பனிவெளியும் மலைத்தொடரும் செவ்விலைக் காடும் கண்ணைக் கவருமாறு அமைந்துள்ளமையால், பெண்ணொருத்தியின் துயரம் அழகுப்பொருளாக மாறிவிடும் இடரும் உண்டு. போராலும் அந்நியராட்சியாலும் இன்னலுற்ற நாட்டின் உருவகமாக அவளைக் கொண்டு பலர் கண்ணீர் வடித்தனர். உருவகமாக்கப்பட்ட பெண் தனியொரு பெண்ணாக எஞ்சுதல் அரிது. இக்குற்றச்சாட்டுகளை எளிதில் தள்ளிவிடல் இயலாது. எனினும் நெறியாளர் தந்தையைப் புகழ்ந்து முடிக்கவில்லை என்பதனை நினைவிற் கொள்ளவேண்டும். படத்தின் கடைசிக் காட்சியிலே, பனி மூடிய வழியில் ஒரு சிறுமி முன்னே நடந்து வழிகாட்ட, சொங்-ஹ்வா பின்னே செல்கின்றாள். முன்பு இத்தகைய பனியிலே அவளை வழிநடத்தியவர் தந்தை. அவரே அவளைக் குருடாக்கியவர். இப்பொழுது வழிநடத்துவதோ ஒரு குழந்தை. அவளுக்குப் பரிசும் இல்லை, புகழும் இல்லை, மேடையும் இல்லை. தந்தை கனவு கண்ட உயர்வு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கலைக்காகச் செய்த பலி பயன்தந்தது என்று காட்ட விரும்பும் படம் இவ்வாறு முடியாது.

கலையில் முழுமை என்பது உழைப்பும் ஒழுக்கமும் இன்றி வாராது. அவற்றை வற்புறுத்தும் உரிமை தந்தைக்கும் ஆசிரியருக்கும் உண்டு. கல்லாத பிள்ளையைக் கற்பித்தலும், தளர்ந்தவனை ஊக்குதலும் அவர்தம் கடன். ஆயின் தாம் அடையாததைப் பிள்ளைமூலம் அடைய முற்படும்போது கற்பித்தல் கைப்பற்றலாக மாறுகின்றது. அவ்வெல்லை எங்குளது என்பதைச் சொல்லால் வகுத்தல் கடினம். ‘சோப்யோன்ஜே’ அதனை ஒரு கிண்ண மருந்திலே காட்டுகின்றது. பயிற்சி தந்தையின் கொடை. பகையின்றிப் பாடிய நெஞ்சு மகளின் சொந்தம். இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டியமையே இப்படத்தின் தலையாய சிறப்பு. மக்களை வளர்ப்போரும், மாணவரைப் பயிற்றுவோரும், தம் விருப்பத்துக்கும் பெற்றோர் விருப்பத்துக்கும் இடையே நின்று தடுமாறும் இளைஞரும் ஒருமுறையேனும் காணத்தக்க படம் இது என்பதில் ஐயமில்லை.